மடிக்கணினியின் காலக்கணக்கு

காலத்தை அளக்கும் கருவி பிழைபடின், அதனைக்கொண்டு அளந்தன யாவும் பிழைபடும். ஆய்வுக்கூடத்தில் மடிக்கணினியைக் கையாளும் நம் மாணவர் இதனை மறத்தலாகாது.

2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் கள்ளக்குறிச்சி மாணவர்க்கும் கல்வராயன் மலை மாணவர்க்கும் கிட்டின. தொடக்கத்தில் வழங்கியவற்றில் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. லினக்ஸின் உள்ளீடாகிய கெர்னல் எவ்வாறு காலங்காட்டுகிறது என்பதே ஈண்டு நாம் கருதுவது.

பிராசஸரினுள் துடிப்புகளை எண்ணும் பொறி ஒன்றுண்டு, அதனை டி.எஸ்.சி. என்பர். விரைந்து படிக்கத்தக்கதாதலின் கெர்னல் இதனையே முதற்கண் விரும்பும். ஆயின் பழைய பிராசஸர்களில், மின்கலத்தைச் சிக்கனஞ்செய்ய வேகத்தைக் குறைக்குந்தோறும் இவ்வெண்ணியும் தளர்ந்தது. ஆழ்ந்த ஓய்வில் நின்றும்போயிற்று. புதியனவற்றில் அது மாறா வேகத்தில் ஓடுமாறு அமைத்துள்ளனர். எனினும், ஐயத்திற்கிடமான கணினிகளில் கெர்னல் அரை நொடிக்கொருமுறை அதனை வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிடும்; வேறுபாடு மிகின், நம்பத்தகாததென்று பதிவேட்டில் குறித்து, எச்.பி.இ.டி. போன்ற மெதுவான கடிகாரத்திற்கு மாறிவிடும்.

"இணையமே நேரத்தைத் திருத்துமே, நாம் சோதிப்பானேன்?" என்பாருமுளர். மலைச்சரிவில் இணைப்பு அறுந்தபோது திருத்துவார் யார்? எண்ணியின் வேகம் பாதியாயின், ஊசலின் அலைவுக்காலமும் பாதியாகத் தோன்றும். அதிலிருந்து கணிக்கும் புவியீர்ப்பு முடுக்கம் நான்கு மடங்காகும். இத்துணைப் பெரும்பிழை எளிதிற் புலப்படும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு என்னும் சிறுபிழையோ கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளில் 4.32 நொடியும், முப்பது நாளில் இரண்டு நிமிடத்திற்கு மேலும் அது வளர்ந்துவிடும். மழைமானியின் அளவுகளை நாள்தோறும் பதியும் கணினிக்கு இது குறையன்றோ?

ஆதலின் நம் பௌதிகத் துறையும் கணினித் துறையும் கூடி ஒரு வழக்கத்தை மேற்கொள்ளவேண்டும். செய்முறைக்கு வரும் ஒவ்வொரு மடிக்கணினியையும் இணைய இணைப்பின்றி, ஒரு நாள் மின்னிணைப்போடும், பின்னர் மின்கலம் தாங்குமளவு அதன் துணையாலும் ஓடவிடுக. தொடக்கத்திலும் முடிவிலும், புது தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணும் இந்திய நேரத்தை மற்றொரு கருவியிற் பெற்று ஒப்பிடுக. கெர்னலின் பதிவேட்டையும் படித்து, கண்ட வேறுபாட்டைச் செய்முறைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதுக.

இதற்குப் பொருட்செலவு இல்லை, பொறுமையே வேண்டும். தன் கருவியின் பிழை இவ்வளவென்று அறிந்த மாணவன், தான் கண்ட முடிவை எவர்முன்னும் அஞ்சாது எடுத்துரைப்பான்.