பறங்கிக் கோட்டை யாருடைய பெருமை?

கிறீட் தீவின் தென்கரையிலே, வெள்ளை மலைகளின் அடிவாரத்தில், ஸ்பாக்கியாப் பகுதியைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றுண்டு. அங்குள்ள பழைய கோட்டையின் வாயிலுக்கு மேலே, வெனிஸ் குடியரசின் சிங்கம் இன்றும் காட்சியளிக்கின்றது. உல்லாசப் பயணிகளும் பழைமை விரும்பிகளும் அதனைக் கண்டு வியக்கின்றனர். வியக்கட்டும். ஆனால், ஆட்சியாளர் விட்டுச்சென்ற கல்லையெல்லாம் நாகரிகத்தின் கொடையெனப் போற்றும் மனப்பான்மையை நாம் ஏற்பதற்கில்லை.

1204இல் இத்தீவைப் பணங்கொடுத்து வாங்கிய வெனிஸ், அதன் நிலங்களைத் தன் குடியேற்றக்காரருக்குப் பங்கிட்டு வழங்கியது. மண்ணின் மக்கள் கூலியின்றி ஊழியஞ் செய்தனர். அரண்களுக்குக் கல் சுமந்தனர். போர்க்கப்பல்களிலே துடுப்பு வலித்தனர். கிளர்ச்சிக்காரரின் புகலிடமாயிருந்த லசித்தி மேட்டுநிலத்திற் பயிர்ச்செய்கையையே அவ்வாட்சி தலைமுறை தலைமுறையாகத் தடைசெய்தது. விளைநிலத்தைத் தரிசாக்கியவர்களா நாகரிகத்தின் தூதுவர்கள்?

1371 முதல் 1374 வரை எழுப்பப்பட்ட இக்கோட்டையும் அடங்க மறுத்த ஸ்பாக்கிய மக்களை அடக்குவதற்கே எழுந்தது. பகலிற் கட்டியதை இரவில் மக்கள் இடித்தனர் என்றும், அவர்களுக்குத் தலைமை தாங்கிய பாற்சோஸ் சகோதரர் அறுவர் தூக்கிலிடப்பட்டனர் என்றும் ஊர்மரபு கூறுகின்றது. மரபை நம்பாதோர் கோட்டையின் பெயரையேனும் நோக்குக. வெனிசியர் அதற்குப் புனித நிக்கித்தாஸின் பெயரைச் சூட்டினர். மக்களோ அதனை ஏலாது, ‘பிராங்கோகஸ்தெல்லோ’ என இகழ்ந்தழைத்தனர். பிராங்கரின் கோட்டை என்பது பொருள். அப்பெயரே நிலைத்தது. பிராங்கர் என்ற அச்சொல்தான் அரபு, பாரசீக மொழிகளின் வழியே வந்து, போர்த்துக்கேயரைக் குறிக்க எம் முன்னோர் வழங்கிய ‘பறங்கி’ என்னுஞ் சொல்லாயிற்று. ஆகவே, அது தமிழிற் பறங்கிக் கோட்டை. அப்பெயரின் கசப்பை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

‘எரோத்தோக்கிரித்தோஸ்’ காவியம் வெனிசியர் ஆட்சியிலன்றோ பிறந்தது எனச் சிலர் வாதிப்பர். இத்தாலிய இலக்கியத்தின் செல்வாக்கை நாம் மறுக்கவில்லை. ஆயின் அக்காவியம் இயற்றப்பட்டது கிறீட் மக்களின் பேச்சுமொழியிலே. அதனை மனனஞ்செய்து பாடிக் காத்தவர்களுள் எழுத்தறியாத ஆயரும் உழவரும் எண்ணற்றோர். ஆட்சி 1669இல் வீழ்ந்தது, பாட்டு வீழவில்லை.

கோட்டையை இடிக்க வேண்டுமென நாம் கூறவில்லை. அது நிற்கட்டும், ஒரு சாட்சியாக நிற்கட்டும். ஆனால், வாயிற் சிங்கத்தை மாணவருக்குக் காட்டும் ஆசிரியர், அதன் கீழே கல் சுமந்த முதுகுகளையும் காட்டுவாராக. அவர்களை மறந்த வரலாறு, ஆண்டவர்களின் கணக்கேடேயன்றி வரலாறாகாது.