ஊரும் பேரும் அற்ற படங்கள்

நூலகம் என்றால் நாளிதழ் புரட்டும் இடம் என்னும் எண்ணம் பெங்களூர்வாழ் தமிழ்க் குடும்பங்களிடையே வேரூன்றிவிட்டது. ‘எல்லாம் கைபேசியிலேயே கிடைக்க, நூலகம் எதற்கு?’ என்று இளையோர் வினவுகின்றனர்; ‘கணிப்பொறியெல்லாம் நமக்கு எதற்கு?’ என்று முதியோர் ஒதுங்குகின்றனர். இவ்விரு கூற்றையும் நாம் மறுக்கின்றோம்.

கைபேசியில் ‘சோழர் காலத்து நடராசர்’ என்று தேடிப் பாருங்கள். படங்கள் வந்து குவியும். எவ்வூர்த் திருமேனி, எவர் எடுத்த படம், எவ்வாண்டில் எடுத்தது என வினவினால், அவற்றுள் பலவற்றுக்கு விடை கிடையாது. ஊரும் பேரும் அற்ற படம் கண்ணுக்கு விருந்தாகலாம், வரலாற்றுக்குச் சான்றாகுமா?

சான்றின் ஆற்றலை அறிய, அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானை நினைத்தல் வேண்டும். அவ்வூர்ச் சிவன்கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் திருமேனியை ஆத்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிற்று. ஆனால், புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அத்திருமேனியை 1994ஆம் ஆண்டிலேயே கோயிலில் வைத்துப் படமெடுத்துப் பாதுகாத்திருந்தனர். களவை மெய்ப்பிக்க அப்படம் துணைநின்றது. 2014இல் திருமேனி நாடு திரும்பிற்று. ஊரும் ஆண்டும் குறித்த ஒரு படம் கடல் கடந்த தெய்வத்தையே மீட்க உதவியது அன்றோ!

இத்தகைய கருவூலங்கள் பல இன்று இணையத்தில் திறந்து கிடக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியுண்ட துயரை அறிந்த ஈழத்தமிழர், 2005 முதல் தம் நூல்களையும் இதழ்களையும் ‘நூலகம்’ என்னும் மின்தளத்தில் சேர்த்து வருகின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017இல் தொடங்கப்பெற்றது. நம் பெங்களூரிலேயே மிதிக் சொசைட்டியினர் இவ்வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படங்களாகப் பதிந்து வருகின்றனர்.

கதவு திறந்திருந்தால் போதுமா? உள்ளே நடக்க வழி தெரிய வேண்டாவா? டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவை 1905இல் வெளிவந்த ‘எபிகிராபியா கர்னாடிகா’ ஒன்பதாம் தொகுதியிலேயே அச்சேறியவை. ஆனால் கல்வெட்டில் அவ்வூர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வரும். டொம்லூர் என்று மட்டும் தேடுவோன் வெறுங்கையோடு திரும்பக் கூடும். எப்பெயரில், எவ்வெழுத்தில், எத்தொகுதியில் தேடுவது என்று காட்டுவதற்கே நூலகர் வேண்டும், நூலகம் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுவே: ஒவ்வொரு தமிழ்ச் சங்க நூலகத்திலும் ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் இக்கருவூலங்களில் தேடும் முறையைக் கற்பிக்க வேண்டும். தமிழ் எழுத்தறியாத நம் பிள்ளைகளும் படத்தை அறிவர். படத்தின் ஊரைக் கேட்பர். ஊரின் வழியே மொழிக்கு வருவர். கணிப்பொறி இயக்கத் தெரிந்த பேரனும் ஊர்ப்பெயர் தெரிந்த பாட்டனும் ஒரே மேசையில் அமரட்டும்.

பெறுவதோடு கொடுக்கவும் நாம் கடமைப்பட்டுள்ளோம். பின்னி ஆலையிலும் கோலார்த் தங்கவயலிலும் உழைத்த நம் முன்னோரின் படங்கள் நம் இல்லப் பெட்டிகளில் மங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் முகங்களை அறிந்த முதியோர் இன்னும் எத்தனை நாள் நம்மோடிருப்பர்? இன்றே அவர்களைக் கேட்டுப் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து வைப்போம். படியெடுத்து நூலகத்துக்கு அளிப்போம். நாம் குறிக்காது விட்டதை, நாளை எந்தக் கைபேசியும் தேடித் தரப்போவதில்லை.