கட்டிலைச் சுமப்பவர் யார்?

நோயுற்றவரின் விசுவாசத்தை எடைபோடுவது நம் பங்குகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. காய்ச்சல், கால்முறிவு என்றால் ஒருவரும் தராசைத் தூக்குவதில்லை. நோய் நீண்டு, மருத்துவர் கைவிரித்து, இன்னொருவரின் உறுப்பைப் பெற்றால்தான் பிழைக்கலாம் என்ற நிலை வந்தவுடன், அந்தக் குடும்பத்தின் செபம் போதுமா, நம்பிக்கை உறுதியானதா என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. இந்த விசாரணை நிறுத்தப்பட வேண்டும். தராசில் வைக்கப்பட வேண்டியது காத்திருப்போரின் விசுவாசம் அன்று. அவர்களைச் சுற்றி நிற்கும் நம்முடைய விசுவாசமே.

கல்லீரலுக்காகக் காத்திருத்தல் என்றால் என்னவென்று முதலில் அறிந்துகொள்வோம். வயிற்றில் நீர் கோத்து, கண்கள் மஞ்சளித்து, சில வேளை இரத்த வாந்தியும் புத்தித் தடுமாற்றமும் கண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு மருத்துவமனைக்கோ, 1985-இல் தொடங்கி 2021-இல் அரசு நலவாழ்வுத் துறையின்கீழ் வந்த சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரிக்கோ நோயாளி முதலில் செல்கிறார். மாற்று அறுவைதான் வழி என்றானபின், நம் பகுதியினர் பெரும்பாலும் செல்வது சென்னைக்கே. சிதம்பரத்திலிருந்து அது 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இறந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்த கல்லீரலைக் குளிரில் வைத்து ஏறத்தாழ 12 மணி நேரமே காக்க இயலும். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் உடனே சென்று சேர வேண்டும். ஆகவே மருத்துவமனைக்கு அருகே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வேலையை விட்டு, பிள்ளைகளைப் பாட்டியின் பொறுப்பில் ஒப்படைத்து, அந்தக் குடும்பம் காத்திருக்கிறது. அறுவை முடிந்த பின்னும் சில மாதங்கள் அங்கேயே தங்கவேண்டும். புதிய கல்லீரலை உடல் ஒதுக்காதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டும். கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் அவர்கள் முன்பின் தெரியாத ஒரு பங்கின் கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருப்பார்கள்.

இவர்களுக்கு ஊரிலிருந்து செல்வது என்ன? அறிவுரை!

முதல் அறிவுரை குற்றச்சாட்டின் வடிவில் வருகிறது. "கல்லீரல் கெட்டதென்றால் குடித்திருப்பான்" என்கின்றனர். பித்த நாளம் அடைபட்டுப் பிறக்கும் பச்சிளங்குழந்தை எந்தக் கடையில் குடித்தது? 'பி' வகை மஞ்சள்காமாலைக் கிருமியைப் பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்றவர், உடலில் செம்புச்சத்து தங்கிவிடும் பரம்பரை நோயுடையவர், சர்க்கரை நோயோடு கல்லீரலில் கொழுப்பும் சேர்ந்தவர் ஆகிய இவர்களெல்லாம் யாருடைய பாவத்தைச் சுமக்கின்றனர்? பார்வையற்றுப் பிறந்த மனிதரைக் கண்டபோது, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்களே கேட்டனர். ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். ஈராயிரம் ஆண்டுகளாகியும் நாம் அதைக் கையிலெடுத்துக்கொண்டு திரிகிறோம். சரி, குடித்தே கெட்டவர் என்று வைத்துக்கொள்வோம். 2003 முதல் அரசே தெருத்தெருவாக மதுவைச் சில்லறையில் விற்கும் நாட்டில், குடித்தவர் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தந்தை கணக்கு கேட்கவில்லை; கேட்டவன் மூத்த மகன்தான்.

இரண்டாவது அறிவுரை இன்னும் கொடியது. "உறுதியாக விசுவசித்தால் அறுவையே தேவையில்லை, புதுமை நடக்கும்" என்பது அது. மருந்தை நிறுத்திவிட்டுச் செபக் கூட்டத்துக்கு வரச் சொல்வோரும் உண்டு. நோயாளி இறந்துவிட்டால் இவர்கள் பொறுப்பேற்பதில்லை. விசுவாசம் குறைவாயிருந்தது என்று பழியைச் செத்தவர்மீதே போட்டுவிடுகின்றனர். மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடையெனப் போற்றும் சீராக்கின் ஞான நூல் நம் விவிலியத்தில்தானே இருக்கிறது? அதைப் படிக்காதவர்கள் மாற்கு நற்செய்தியையாவது கவனமாகப் படிக்கட்டும். கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் வழி அடைபட, கூரையைப் பிரித்து இறக்கினர். ஆண்டவர் கண்டது யாருடைய விசுவாசத்தை? சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தை என்கிறது நற்செய்தி. கட்டிலில் கிடந்தவரை எவரும் தேர்வு வைக்கவில்லை.

புதுமை எதுவென்று அறிய விரும்புவோருக்கு நம் தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றைக் காட்டுவோம். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத அக்குழந்தைக்குப் பித்த நாள அடைப்பு. அந்நாள்வரை இந்தியாவில் கல்லீரல் மாற்று அறுவை வெற்றி கண்டதில்லை. பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தில்லிக்குச் சென்றனர். 1998 நவம்பரில் அங்குள்ள அப்பல்லோ மருத்துவமனையில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி மகனுக்குப் பொருத்தப்பட்டது. நாட்டின் முதல் வெற்றி அது. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானார். மொழி தெரியாத ஊரில், முன்மாதிரி இல்லாத அறுவைக்குத் தம் உடலையும் தம் மகனின் உடலையும் ஒருசேர ஒப்படைத்த அத்தந்தையிடம் விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிவோர் யார்?

எல்லாக் குடும்பத்திலும் இரத்த வகை பொருந்திய, உடல்நலமுள்ள கொடையாளர் இருப்பதில்லை. இருக்கும் இடத்திலும், உயிரோடு உறுப்பு தருவோருள் பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாருமே. "வீட்டுக்கு உழைப்பவனைக் கிழிக்கலாமா?" என்ற சொல் வந்தவுடன் பெண்தான் மேசையில் படுக்கிறாள். வெட்டிய கல்லீரல் சில மாதங்களில் மீண்டும் வளரும் என்பது உண்மை. அறுவையில் ஆபத்து உண்டென்பதும் உண்மை. அவளது தியாகத்தைப் புகழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவள் தன்னுடலை அறுத்துக் கொடுக்கும் நிலை வந்ததே, இறந்தோரின் உறுப்புகளை நாம் மண்ணுக்கும் நெருப்புக்கும் கொடுப்பதால்தான்.

இங்கே காத்திருக்கும் குடும்பங்களின் மனத்தை அரிக்கும் ஒரு கேள்வியைத் தொடவேண்டும். "கல்லீரல் கிடைக்க வேண்டுமென்று செபிக்கிறோமே, யாரோ சாகவேண்டுமென்று செபிக்கிறோமா?" வெளியில் சொல்லாமல், செபமாலை மணிகளுக்கிடையே அவர்கள் விழுங்கும் வேதனை இது. இல்லை என்று உறுதியாகச் சொல்வோம். நம் செபத்தால் எவரும் சாவதில்லை. வேகத்தாலும், தலைக்கவசம் இல்லாமையாலும், மூளையில் ஏற்படும் இரத்தக்கசிவாலும் மனிதர் இறக்கின்றனர். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையே இதற்குச் சாட்சி. அக்குடும்பம் வேண்டுவது ஒன்றுதான்: எங்கோ ஒரு சாவு நேர்ந்துவிட்ட வேளையில், அழுதுகொண்டிருக்கும் எவரோ "ஆம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்தச் செபத்துக்கு விடை சொல்லவேண்டியவர் கடவுள் மட்டுமல்லர்; நாமும்தான். திருப்பலியில் "நோயுற்றோருக்காக மன்றாடுவோம்" என்று கேட்டதும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்கிறோம். கேட்டருளும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு நம் காதுகளைப் பொத்திக்கொள்வது என்ன பக்தி?

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தனர். அவனது இதயம் ஒரு சிறுமிக்குள் துடித்தது. அந்த ஒரு முடிவு தமிழகத்தின் மனச்சான்றை உலுக்கியது. உறுப்புக் கொடையை முறைப்படுத்தும் அரசாணைகள் அவ்வாண்டிலேயே வந்தன. 2009-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை தொடங்கிற்று. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. உறுப்புக் கொடையாளருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. ஆயினும் இந்தியா முழுவதையும் கணக்கிட்டால், இறந்தபின் உறுப்பு தருவோர் பத்து லட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை. கத்தோலிக்க மரபில் ஊறிய ஸ்பெயின் நாட்டிலோ ஏறத்தாழ 50 பேர்!

மறுப்புரைகளையும் கேட்டுவிடுவோம். உயிர்த்தெழும் நாளில் உடல் முழுமையாக இருக்க வேண்டாமா என்கின்றனர் சிலர். எரிக்கப்பட்ட மறைசாட்சிகளும், கடலில் மறைந்த நம் மீனவரும் உயிர்க்கமாட்டார்களா? மருத்துவர்களின் பாதுகாவலரான புனிதர்கள் கோஸ்மாஸ், தமியான் பற்றிய பழைய மரபுக்கதை, அவர்கள் இறந்த ஒருவரின் காலை நோயுற்றவருக்குப் பொருத்தியதாகச் சொல்கிறது. முன்னோர் இதைப் புதுமையென்று ஓவியமாகத் தீட்டினார்களேயன்றி, பாவமென்று ஒதுக்கவில்லை.

இதயம் துடிக்கும்போதே சாவென்பதா என்பது இரண்டாவது மறுப்பு. துடிக்கச் செய்வது மூச்சுக் கருவி. மூளைத்தண்டு மீளா வகையில் செயலிழந்ததை மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்யவேண்டும் என்பது சட்டம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956-இலேயே கருவிழிக் கொடையை ஏற்றுப் பேசினார். இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் 'வாழ்வின் நற்செய்தி' மடலில் உறுப்புக் கொடையைப் பாராட்டினார். 2000 ஆகஸ்டில் உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் பேசுகையில், கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும் மூளைச்சாவு அளவுகோல் கிறிஸ்தவ மனிதப் பார்வைக்கு முரணாகாது என்றும், உறுப்பை விற்பது தவறென்றும் தெளிவுபடுத்தினார்.

மூன்றாவது அச்சம் நியாயமானது. ஏழையின் உறுப்பைப் பணக்காரர் வாங்குவதில்லையா? வாங்கியிருக்கின்றனர். சென்னை வில்லிவாக்கம் சிறுநீரக விற்பனைக்குப் பெயர் பெற்றிருந்த காலத்தை அடுத்துத்தான் 1994-இன் சட்டம் பிறந்தது. 2025-இலும் நாமக்கல் பகுதி விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் விலைபோன செய்தி வெளியாயிற்று. இதற்கு மாற்று, கொடையை நிறுத்துவது அன்று. இறந்தோரிடமிருந்து இலவசமாக, வரிசைப்படி உறுப்பு கிடைக்கும் அளவுக்கே உயிருள்ள ஏழையின் வயிற்றைத் தேடும் தரகனின் தொழில் படுக்கும்.

நாம் செய்யக்கூடியது என்ன? இன்றிரவே நம் வீட்டாரிடம் நம் விருப்பத்தைச் சொல்லிவைக்கலாம். அட்டையில் கையொப்பமிட்டிருந்தாலும் அவ்வேளையில் முடிவு சொல்வது குடும்பமே. வீட்டில் இறப்போரும் ஆறு மணி நேரத்துக்குள் கண்களைத் தரலாம். நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளன்று ஒவ்வொரு பங்கிலும் இதைப்பற்றி ஒரு மறையுரை நிகழட்டும். சென்னையில் காத்திருக்கும் குடும்பத்தின் வாடகையை ஓர் அன்பியம் ஆறு மாதம் ஏற்கட்டும். முறைவைத்து இருவர் சென்று துணையிருக்கட்டும். ஆகஸ்டு முடிவில் காவியுடுத்து வேளாங்கண்ணிக்கு நடப்போருக்கு நம் சாலையெங்கும் நீரும் சோறும் தருகிறோம். அதே சாலையில் வடக்கு நோக்கிச் செல்லும் நோயாளியும் திருப்பயணிதான்.

நமக்கு இது தெரியாததும் அன்று. 2004-இன் ஆழிப்பேரலையும் 2011 டிசம்பர் 30-இன் தானே புயலும் கடலூரைச் சிதைத்தபோது, எங்கிருந்தோ வந்தவர்கள் நம் விசுவாசத்தை விசாரிக்கவில்லை. சோறும் தார்ப்பாயும் கொண்டுவந்தனர்.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரின் முறையீடு, தண்ணீர் இல்லை என்பதன்று; தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்பதே. குளம் இருக்கிறது. அறுவை செய்யும் கைகளும் சட்டமும் காப்பீடும் இருக்கின்றன. ஆள்தான் இல்லை. காத்திருக்கும் குடும்பத்துக்குச் செபத்தைக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு, அந்த ஆளாக எழுந்து நிற்போம்.