கதவில்லாத தெரு

மிலான் நகரத்து விட்டோரியோ இமானுவேலே கலேரியா என்ற கூரையிட்ட கடைவீதியைப் பற்றி எழுதுகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியேதான் தொடங்குகிறார்கள். சுமார் 47 மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் குவிமாடம் நின்றால் வேறென்ன செய்வார்கள்! கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதிகள் பாரிஸில் முன்பே இருந்தன. ஆனால் அவை கட்டடங்களுக்கு நடுவே நுழைந்து போகும் சந்துகள். கட்டடக் கலைஞர் ஜுசெப்பே மெங்கோனி அந்தச் சந்து வடிவத்தைத் தேவாலய அளவுக்கு வளர்த்தார். சிலுவை வடிவத் தரை, நடுவில் எண்கோணக் கூடம், மேலே இரும்பும் கண்ணாடியும். 1865இல் அரசர் அடிக்கல் நாட்டினார், 1867இல் திறந்தார்கள். முகப்பு வளைவு முடியப் பத்தாண்டு பிடித்தது. 1877 டிசம்பர் கடைசியில் மெங்கோனி சாரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

நமக்குக் குவிமாடத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. இதன் நான்கு வாசல்களிலும் கதவு கிடையாது. பேராலயச் சதுக்கத்திலிருந்து ஸ்காலா இசையரங்குக்குப் போகிறவர் எந்த நேரத்திலும் இதன் வழியே நடக்கலாம். நீ என்ன வாங்க வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. காவலாளி பையைத் துழாவும் மால்களோடு இதை ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

இப்படி நடக்கவிட்டால் நகரம் தன் சண்டைகளையும் உள்ளே கொண்டுவரும். உம்பெர்த்தோ பொச்சோனி 1910இல் வரைந்த ‘கலேரியாவில் கைகலப்பு’ ஓவியத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் காபிக்கடை வாசலை நோக்கிக் கூட்டம் பாய்கிறது. தொப்பிகளும் கைகளும்தான் தெரிகின்றன; கட்டடத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் கூரை நொறுங்கிய பின் மீண்டும் கட்டினார்கள். தரையில் மொசைக்காகப் பதித்திருக்கும் டூரின் நகரச் சின்னமான காளையின் மீது குதிகாலை ஊன்றிச் சுற்றினால் அதிர்ஷ்டமாம். அதனால் மொசைக் அந்த இடத்தில் குழிந்தே போகிறது. பராமரிப்புத் துறைக்குத் தலைவலிதான். ஆனாலும் மிதிபடாத தரையைவிட இது மேல்.

இதைக் கட்டத் தொடங்கியது ஓர் ஆங்கிலேய நிறுவனம். அது தள்ளாடியதும் 1869இல் நகராட்சி வாங்கிக்கொண்டது. இன்றும் நகராட்சிதான் உரிமையாளர். கடைப் பலகைகள் எல்லாம் கறுப்பில் பொன் எழுத்தாக இருப்பது அந்த அதிகாரத்தால். 2012இல் மெக்டொனால்ட்ஸின் குத்தகையைப் புதுப்பிக்காமல் அனுப்பியதும் அதே அதிகாரம். பலர் கைதட்டினார்கள். அந்த இடத்துக்கு வந்தது ஆடம்பரப் பொருள் நிறுவனமான பிராடா. அவர்கள் 1913 முதல் கலேரியாவிலேயே கடை வைத்திருப்பவர்கள் என்பது உண்மை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் கையிலிருந்த சில்லறைக்கு ஏதாவது வாங்கித் தின்ற மூலை போய்விட்டது என்பதும் உண்மைதானே.

நகராட்சி இப்போது இடங்களை ஏலத்தில் விடுகிறது. கஜானா நிறைகிறது, கூரையும் பளபளக்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் ஏலத்தில் உயர்ந்த தொகையே பேசும் என்றால், புத்தகக் கடையும் காபிக்கடையும் அங்கே எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்? தெரு பொதுச்சொத்து என்றால் கடைகளில் ஒரு பங்காவது தெருவில் நடப்பவரின் சட்டைப்பைக்கு எட்ட வேண்டும். பலகையின் நிறத்தைக் குத்தகை நிபந்தனையில் எழுதத் தெரிந்த நகராட்சிக்கு இதையும் எழுதத் தெரியும்.