அனுபவம் ஊதியமாகுமா?

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தமது நீண்ட விடுமுறையில் முதன்முதலாகத் தொழில் தேடிச் செல்லும்போது, அவர் செவியில் விழும் முதல் வார்த்தை "அனுபவம்" என்பதாகும். "சம்பளம் பெரிதல்ல, அனுபவமே பெரிது" என்கிறார் முதலாளி. பெற்றோரும் உறவினரும் அதனை வழிமொழிகின்றனர். மாணவரும் நம்பிவிடுகின்றார். இக்கூற்றின் பொருந்தாமையை எடுத்துக் காட்டுவது நமது கடமையாகும்.

புடவைக் கடையில் துணி மடிப்பவரும், தனியார் கல்வி நிலையத்தில் விடைத்தாள் திருத்துபவரும், கணக்காய்வு நிறுவனத்தில் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பவரும் நல்குவது உழைப்பேயன்றிப் பிறிதொன்றன்று. அனுபவம் அவ்வுழைப்பின் இயல்பான விளைவு. முதலாளி தம் பணப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொருளன்று. இருபது ஆண்டுகள் பணிபுரிந்த எழுதுவினைஞரும் நாள்தோறும் அனுபவம் பெறுகின்றார். அதன்பொருட்டு அவரது சம்பளத்தை எவரேனும் குறைப்பதுண்டா?

சட்டமும் நம் பக்கமே நிற்கின்றது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவென விதித்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தியது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும் உள்ளடக்குகின்றது. ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். இரண்டு மாதமே பணிபுரிபவர் என்பதால் இவ்வுரிமை அற்றுப்போவதில்லை.

"வேலை தெரியாதவர்க்கு நாமன்றோ கற்பிக்கின்றோம்" என்பர் சிலர். நன்று, எதனை, எவர், எத்தனை நாள் கற்பிப்பார் என்பதை எழுதித் தரட்டும். எழுத்தில் வராத பயிற்சி, தேநீர் வாங்கி வருவதிலும் பெட்டி சுமப்பதிலுமே முடிவதைப் பலர் அறிவர். மாமாவின் நண்பர் தந்த வேலையெனின் நிலைமை இன்னும் மோசம். அங்கே சம்பளம் கேட்பதே நன்றிகெட்ட செயலாகிவிடுகின்றது.

இதனால் பெரிதும் பாதிக்கப்படுவோர் யாவர்? மகாபொல உதவித்தொகையை நம்பிப் பயிலும் மூதூர் மாணவரோ, அட்டன் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவியோ, ஊதியமின்றிக் கொழும்பில் அறை வாடகை கொடுத்துத் தங்குதல் இயலுமா? இயலாது. ஆகவே, அவ்விடம் தந்தையின் பணத்தில் வாழவல்லவர்க்கே உரியதாகின்றது. பின்னர் பட்டம் பெற்று நேர்முகத் தேர்வுக்குச் செல்கையில், "முன்னனுபவம் உண்டா?" என்ற வினா எழுகின்றது. 1945இல் இலவசக் கல்வி திறந்துவிட்ட கதவை, ஊதியமற்ற அனுபவம் அலுவலக வாயிலில் அடைத்துவிடுகின்றது.

எனவே, மாணவர் மன்றங்கள் வாளாவிருத்தல் தகாது. சம்பளம் குறிப்பிடாத வேலை விளம்பரங்கள் நமது அறிவித்தற் பலகையில் இடம்பெறலாகாது. விடுமுறைக்கு முன்னரே, நியமனக் கடிதம் கேட்டுப் பெறவும், வேலை நாள்களையும் மணித்தியாலங்களையும் குறித்து வைக்கவும், மறுக்கப்படின் தொழில் திணைக்களத்தில் முறையிடவும் இளைய மாணவர்க்கு வழிகாட்டுதல் வேண்டும்.

முதல் தொழிலில் தலைகுனிந்து பழகியவர் பின்னர் நிமிர்தல் அரிது. உழைப்புக்கு விலையுண்டு என்பதே அங்கு நாம் பெறவேண்டிய முதல் அனுபவமாகும்.