காற்று சென்சாருக்கு 14,500 ரூபாயா, 1,800 ரூபாயா?

“என்னிடம் ஒன்பது வருடப் பழைய 2 லிட்டர் டீசல் கார் இருக்கிறது. தோட்டம் மலையில். ஒரு மாதமாக ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, இன்ஜின் லைட்டும் எரிகிறது. சர்வீஸ் சென்டரில் ‘ஏர் ஃப்ளோ சென்சார் போய்விட்டது, 14,500 ரூபாய் ஆகும்’ என்கிறார்கள். ஸ்பேர் கடையில் அதே மாதிரி ஒன்று 1,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெக்கானிக் தம்பியோ, ‘கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள் அண்ணே’ என்கிறார். போர் மோட்டாருக்காக எடுத்து வைத்த பணம்தான் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒட்டன்சத்திரம்.

முதலில் மோட்டார் பணத்தைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வார்த்தை என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. அது ‘கரும்புகை’.

இந்த சென்சார் ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் டர்போவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். உள்ளே போகும் காற்றின் எடையை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இதன் வேலை. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசல்தான் என்று கம்ப்யூட்டர் உச்சவரம்பு போடுவது அந்தக் கணக்கை வைத்துத்தான். தூசி படிந்து கெட்ட சென்சார், வேகமாகக் காற்று போகும்போது பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். காற்று குறைவு என்று நினைத்து கம்ப்யூட்டர் டீசலையும் குறைக்கும். வண்டி இழுக்காது, ஆனால் புகையும் அதிகம் இருக்காது. இழுவையும் இல்லை, கரும்புகையும் உண்டு என்றால், அளந்த காற்று இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

இதற்கு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். வயதான காரில் இது வெடிக்கும், அல்லது கிளிப் தளரும். ஹோஸின் அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒரே இடத்தில் அதிகமாக இருந்தால் அங்கேதான் கசிவு. ஏற்றத்தில் ‘உஸ்’ என்ற சத்தமும் கேட்கும். இரண்டாவது, இ.ஜி.ஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு இது. கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. சென்சார் உண்மையைத்தான் சொல்லும். ஆனால் ஸ்கேனரில் பழி சென்சார் மேல் விழும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் பழைய ஜீப்புக்கு இதே வியாதி வந்தபோது, பேர் தெரியாத கம்பெனி சென்சார் ஒன்றை வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது போலத் தோன்றியது. பிறகு பழைய கதைதான். கடைசியில் பார்த்தால், ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். கடைக்காரர் கரன்ட் சாமானைத் திரும்ப எடுக்க முடியாது என்றுவிட்டார். அது இன்னும் என் டூல் பெட்டியில் கிடக்கிறது.

கப்ளரைக் கழற்றி ஓட்டுவது ஒரு சோதனைதான், வைத்தியம் அல்ல. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்றி, ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். இழுவை கூடினால் சென்சார் மேல் சந்தேகப்படலாம். ஆனால் பல கார்களில் கப்ளர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இ.ஜி.ஆர் வால்வையும் மூடிவிடும். ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் மைலேஜ் போகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 கார் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். புகை வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு சென்சாரைவிடப் பல மடங்கு.

சென்சாரையே சோதிக்க வேண்டுமா? ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் ‘ஒரு ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மில்லிகிராம் காற்று’ என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் காரில் நான்கு சிலிண்டர் என்றால், ஒவ்வொன்றும் அரை லிட்டர். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். ஆக, டர்போ அழுத்தம் இல்லாமல் அதிகபட்சம் 600 மில்லிகிராம் வரும். நடைமுறையில் அதற்குச் சற்றுக் கீழே. இ.ஜி.ஆர் திறந்திருந்தால் இன்னும் வெகுவாக இறங்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் எண் சட்டென்று ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் வால்வையும் சென்சாரையும் பாருங்கள். ஐந்து ஒயர் கொண்ட பழைய அனலாக் போஷ் வகை என்றால், சாவியை மட்டும் ஆன் செய்து, இன்ஜின் ஓடாதபோது சிக்னல் ஒயரில் மல்டிமீட்டர் சுமார் 1 வோல்ட் காட்ட வேண்டும். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தோட்டத்து ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது சாதாரணம்.

சுத்தம் செய்தே சரியாகிவிடும் சென்சார்களும் உண்டு. ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, தொடாமல், தானாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், கார்புரேட்டர் கிளீனர், கம்ப்ரசர் காற்று, பஞ்சு எதுவும் ஆகாது. உள்ளே இருக்கும் படலம் அவ்வளவு மெல்லியது. பழைய டிராக்டரின் ஆயில் பாத் ஃபில்டர் பழக்கத்தில் சிலர் காரின் பேப்பர் ஃபில்டரிலும் எண்ணெய் தடவுகிறார்கள். அந்த எண்ணெய் நேராக சென்சாரில்தான் போய் ஒட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சென்சார்தான் குற்றவாளி என்றால், 14,500 கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சர்வீஸ் சென்டர் சொன்ன விலை குழாயோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். பல மாடல்களில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருக்கும் சென்சாரை மட்டும் மாற்றலாம். பழைய சென்சாரின் மேல் அதைத் தயாரித்த கம்பெனியின் எண் அச்சிட்டிருக்கும். போஷ் டீசல் சாமான் என்றால் 0 281 என்று தொடங்கும். கார் கம்பெனி டப்பாவில் வருவதும் சென்சார் கம்பெனியின் சொந்த டப்பாவில் வருவதும் பெரும்பாலும் ஒரே பொருள்தான். பின்னது விலை குறைவு. அந்த எண்ணைச் சொல்லி, பில் போடும் டீலரிடம் வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் அதே எண் கிடைத்தால், மாட்டிப் பார்த்து ஸ்கேனரில் எண்ணைச் சரிபார்த்த பிறகே காசு கொடுங்கள்.

1,800 ரூபாய்ச் சாமானை நான் வாங்கமாட்டேன். கப்ளர் பொருந்திவிடும், அதில் சிரமம் இல்லை. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு வோல்ட் என்ற கணக்கு அந்தக் குழாயின் விட்டத்துக்கும் உங்கள் கார் கம்ப்யூட்டருக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும். அது கொஞ்சம் பிசகினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சொன்னதை நம்பி டீசல் ஊற்றும்.

புதியதை மாட்டியதும் ஸ்கேனரில் பழைய கோடை அழிக்க மறக்காதீர்கள். ஹோஸைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எழுதும்போது காரின் மாடல், வருடம், ஸ்கேனர் காட்டிய கோடு எண் மூன்றையும் சேர்த்து எழுதினால் பதில் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.