டாக்டர் வண்டியும் என் இரண்டு கையெழுத்துகளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபனை முடித்துவிட்டு அப்போதுதான் பேப்பரை விரித்திருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன கார். முன்னால், பின்னால், உள்ளே என்று சுற்றிச் சுற்றி எடுத்திருந்தாள். பார்த்து முடிப்பதற்குள் போனும் வந்துவிட்டது.

"சின்னத் தாத்தா, நாலு லட்சம் சொல்றாங்க. சிங்கிள் ஓனர். லேடி டாக்டர் ஓட்டினதாம், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போச்சாம். இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தாத்தான் கிடைக்கும்ங்கறாங்க. குடுத்துடட்டுமா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 1984 முதல் 2016 வரை பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மோட்டார் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். லேடி டாக்டர் ஓட்டியதாகச் சொல்லி விற்ற வண்டிகளையெல்லாம் எண்ணினால் தமிழ்நாட்டில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். "ஒத்தப் பைசா கொடுக்காதே. வெள்ளிக்கிழமை பல்லவன்ல வர்றேன். சனிக்கிழமை காலையில சேர்ந்து போய்ப் பார்ப்போம்" என்றேன்.

அதற்குள் வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "இ.எம்.ஐ.யில புதுசாவே வாங்கட்டுமே" என்றான் என் மகன். "எவனோ ஓட்டித் தேய்ச்ச வண்டி எதுக்கு?" என்றாள் என் மனைவி. என் கட்சி வேறு. முதல் கார் பழைய காராகத்தான் இருக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் கேட்டில் உரசும், தூணில் இடிக்கும், பின்னால் எடுக்கும்போது எவன் பைக் மீதாவது படும். அந்தப் பாடத்தை ஏழு வருடக் கடனில் வாங்கிய புது வண்டியில் படிக்க வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வருகிறவரை நமக்கெல்லாம் அம்பாசிடரையும் பத்மினியையும் விட்டால் பெரிதாக என்ன இருந்தது? அதிலும் நம்மில் பலருக்கு வாய்த்தது யாரோ ஓட்டிய வண்டிதான். கெட்டுப்போய்விடவில்லை.

ஆனால் பழைய வண்டி வாங்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்திமதி பெரும்பாலும் தப்பான இடத்தில் தொடங்குகிறது. பானெட்டைத் திறந்து பார், டயரை உதைத்துப் பார், மைலேஜ் கேள் என்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இரும்பை அல்ல, காகிதத்தை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடமாக வெளியில் சொல்லாத ஒரு கதையை இன்று சொல்லிவிடுகிறேன்.

2003-ல் என் பழைய மாருதியை ஒரு புரோக்கர் மூலமாக விற்றேன். அவர் 29, 30 என்ற இரண்டு படிவங்களை நீட்டினார். வாங்குபவர் பெயர், தேதி, எல்லாம் காலி. "கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்தத நான் பார்த்துக்கறேன்" என்றார். போட்டேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். காப்பீட்டில் வேலை பார்க்கிறவன், நாலு பேருக்குச் சட்டம் சொல்கிறவன், எனக்கே அந்தப் புத்தி வரவில்லை.

2006-ல் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. அந்தக் கார் இரண்டு மூன்று கை மாறி, மணப்பாறைப் பக்கம் சைக்கிளில் போன ஒரு கொத்தனாரை இடித்திருக்கிறது. இடது கால் முறிவு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் காலாவதி. ஓட்டியவனிடம் பத்துப் பைசா இல்லை. புரோக்கர் கடையே இல்லை. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் என் பெயர் அழியாமல் அப்படியே இருந்தது. வக்கீலைப் பார்த்தேன், அலைந்தேன். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் பேசி 1,35,000 ரூபாய் கட்டினேன். பி.எஃப்.பில் கடன் எடுத்த பணம். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பணம் போனதுகூட மறந்துவிட்டது. காசோலையை வாங்கியபோது அந்தக் கொத்தனார் கழியை ஊன்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அது மறக்கவில்லை.

சட்டம் இன்றைக்கும் அதுதான். 2018-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். வண்டியை விற்று எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இது விற்றவர் தலைவலி மட்டும் என்று இளசுகள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. வண்டி கை மாறியதும், அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்ஷூரன்ஸ் பகுதி வாங்கியவருக்குத் தானாக வந்துவிடும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் ஓட்டி மரத்தில் மோதிவிட்டு வந்து நின்ற எத்தனையோ பையன்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாவமாக இருக்கும், ஆனால் வழி கிடையாது. நோ கிளெய்ம் போனஸும் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பழைய ஓனருக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தால் அது அவரோடு போய்விடும், வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

எனவே பேத்திக்கு நான் சொன்ன முதல் பாடம் இது. ஆர்.சி.யில் உள்ள பெயரும் எதிரே நிற்கிற ஆளும் ஒன்றா என்று பார். எத்தனையாவது ஓனர் என்று பார். பைனான்ஸ் இருந்தால், கடன் அடைந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதே. எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் தேடிப் பிடித்து ஒத்துப் பார். கட்டாத சலான் எத்தனை என்று பரிவாகன் தளத்தில் பார். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் எழுது. அன்று காலை அந்த வண்டி என்ன செய்ததோ யாருக்குத் தெரியும்? கன்சல்டிங் கடையில் வாங்கினால் அவருக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

இரண்டாவது பாடம் பணம். கையில் நாலு லட்சம் இருந்தால் மூன்றேகால் லட்சத்துக்கு வண்டி பார். மீதி வண்டிக்குத்தான், ஆனால் வாங்கிய பிறகு. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், பேட்டரி, டயர், பிரேக் வேலை என்று முதல் ஆறு மாதம் எந்தப் பழைய வண்டியும் செலவு வைக்காமல் இருக்காது. முழுப் பணத்தையும் வண்டியில் போட்டவன்தான் தேய்ந்த டயரோடு மழையில் ஓட்டுவான்.

சனிக்கிழமை காலை தாம்பரம் பக்கம் போனோம். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போனேன். அவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். விற்பவரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன், நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாது என்று. சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினால் அது முடியாது. போனதும் பானெட் மேல் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. அப்போதே மனதில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

வண்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. புது சீட் கவர், புது கார்ப்பெட், உள்ளே மல்லிகை வாசனை. மீட்டரில் 28,000 கிலோமீட்டர். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

பிறகு டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் காய்ந்த வண்டல். சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு. 2020 வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்ததே, அந்தத் தண்ணீரில் இதுவும் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

2015 வெள்ளத்தின்போது கிளெய்ம் வேலைக்காக என்னைத் திருச்சியிலிருந்து சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். தண்ணீரில் நின்ற வண்டியைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து, சிலிண்டருக்குள் தண்ணீர் போய், கனெக்டிங் ராடு வளைந்த எஞ்சின்களை வரிசையாகப் பார்த்தேன். மொத்தமும் போனது என்று இழப்பீடு கொடுத்து ஏலத்தில் விட்ட வண்டிகள் பழைய இரும்புக்குப் போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். எல்லாம் போவதில்லை. சில வண்டிகள் குளித்து, புது உடை உடுத்தி, மல்லிகை வாசனையோடு திரும்பி வரும். தண்ணீர் குடித்த வயரிங் இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மழைக்காலத்தில் நடுரோட்டில் நிற்கும்.

"டாக்டரம்மா வண்டியை ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டினாங்களா, ஏரிக்கா?" என்று கேட்டேன். விற்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் கும்பிடு போட்டுக் கிளம்பினோம். பேத்திக்கு முகம் வாடிப்போனது. வண்டிக்கு மனதில் பெயர்கூட வைத்துவிட்டாளாம்.

வழியில் இன்னொன்றும் சொன்னேன். மியூசிக் சிஸ்டம் பெரிதா சின்னதா என்று பார்க்காதே, உயிர் காக்கிற சாமான் இருக்கிறதா என்று பார். 2019 ஏப்ரல் முதல் தயாரான கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதே வருடம் ஜூலை முதல் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து சீட்டுக்கும் உண்டு. சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஏதோ விபத்தில் ஏர்பேக் வெடித்து, மாற்றாமலே மூடி வைத்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ன் முப்பத்தைந்தாவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் ஆறேழு வருடமான டயரை நம்பாதே.

மூன்று வாரம் தேடிய பிறகு நங்கநல்லூரில் ஒரு வண்டி அமைந்தது. 2019 கடைசியில் வாங்கியது, விலை மூன்று லட்சத்து முப்பதாயிரம். விற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டானாம். சர்வீஸ் பில் ஒவ்வொன்றையும் கோப்பில் கோத்து வைத்திருந்தார். பம்பரில் இரண்டு கீறல். "இது கேட்ல பட்டது, இது மார்க்கெட்ல ஆட்டோக்காரன் பண்ணினது" என்று அவரே காட்டினார். குறையை வாயால் சொல்கிற ஆளிடம் வாங்கு என்பேன் நான்.

பணம் கைமாறியதும் அவர் உள்ளே போய் ஒரு கவர் எடுத்து வந்தார். "29, 30 ரெண்டுலயும் கையெழுத்து போட்டு வச்சிருக்கேன் சார். குழந்தை லீவு கிடைக்கறப்போ மெதுவா மாத்திக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கவரைப் பிரித்துப் பார்த்தேன். பெயர், தேதி, எல்லாம் காலி. 2003-ல் நான் போட்ட அதே இரண்டு கையெழுத்து. அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

"சார், கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்லி அந்தக் கொத்தனார் கதையை அவரிடம் சொன்னேன். குடும்பத்துக்கு வெளியே நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாக் காலி இடங்களையும் அவர் கையாலேயே நிரப்பினார். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட வைத்துப் பேத்தியை விண்ணப்பிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனாள். இன்ஷூரன்ஸும் அந்த வாரமே அவள் பெயருக்கு வந்துவிட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். எப்போதோ கார், ஸ்கூட்டர் விற்றிருப்பீர்கள். அதன் எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது பேரப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். ஆனாலும் நம் பெயரா இல்லையா என்று தெரிந்துவிடும். நம் பெயர் இருந்தால் நாளைக்கே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள்.

போன வாரம் புது ஆர்.சி.யின் படம் வந்தது. அதை நங்கநல்லூர் ஆசிரியருக்கு அனுப்பி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "நிம்மதி சார். குழந்தையை ரெண்டாவது கியர்ல ரொம்ப நேரம் இழுக்க வேண்டாம்னு சொல்லுங்க."